கடலோர வீட்டுப் பட்டறை: கைக்கருவிகளை எப்படி அடுக்குவது, துருவை எப்படித் தடுப்பது?

மாடியறை:
மொட்டைமாடியில் இருக்கும் 8×10 அடி அறையைச் சின்ன மரவேலைப் பட்டறையாக மாற்றுகிறேன். ஊர் கடலூர், கடல் ஒன்றரை கிலோமீட்டர்தான். மேற்குச் சுவர் ஐப்பசி, கார்த்திகையில் ஓதம் காக்கும்.

இருக்கிற கருவிகள்: உளி 6 (6 மிமீ முதல் 32 மிமீ வரை), இழைப்புளி 2, கைவாள் 2, அரம் ஏழெட்டு, ஸ்பேனர் செட், பைப் ரெஞ்ச், கட்டிங் பிளேயர், சுத்தியல், மூலைமட்டம். எல்லாம் ஒரே தகரப்பெட்டியில் கிடக்கிறது. அடியில் கிடப்பதை எடுக்க மொத்தத்தையும் கொட்ட வேண்டும். உளி முனை ஸ்பேனரில் இடித்து மழுங்குகிறது. மழைக்காலத்தில் எல்லாம் துரு.

துளை போட்ட ஹார்டுபோர்டு வாங்கி மாட்டலாமா, டிராயர் அடிக்கலாமா? எண்ணெய் தடவினால் துரு நிற்குமா?

ரீப்பர்கட்டை:
ஹார்டுபோர்டு வேண்டாங்க. அது 3, 4 மிமீதான் இருக்கும். ஈரம் ஏறினா ஊதும், பைப் ரெஞ்ச் கனத்துக்குத் துளை பிய்ஞ்சிரும். 4×3 அடியில 12 மிமீ பிளைவுட் வாங்குங்க. ஐஎஸ் 710 முத்திரை இருக்கிற மரைன் பிளை. சாதா எம்ஆர் பிளை (ஈரத்தை ஓரளவுதான் தாங்குற வகை) ஓதக் காத்துல அடுக்கடுக்கா உரியும். வெட்டின ஓரத்துல ரெண்டு கை பெயின்ட் அடிச்சிருங்க, தண்ணி ஏறுறது அந்த ஓரம் வழியாத்தான்.

முக்கியமான விஷயம், பலகையைச் சுவரோட ஒட்ட வைக்காதீங்க. மேற்குச் சுவரே வேண்டாம், ஓதமில்லாத சுவரா பாருங்க. அங்கயும் 20 மிமீ கனத்துல 3 அடி ரீப்பர் (ஒல்லியான மரச்சட்டம்) மூணு எடுத்து, ரெண்டு ஓரத்துலயும் நடுவுலயும் நிற்கவச்சு அடிங்க. படுக்கவச்சா பின்னாடி காத்து அடைபட்டு நிக்கும். நிற்கவச்சா கீழ நுழைஞ்ச காத்து மேல போயிரும்.

ஒவ்வொரு ரீப்பருக்கும் 3 திருகு, மொத்தம் 9. 8 மிமீ பிட், 8 மிமீ நைலான் பிளக், 75 மிமீ திருகு. கணக்கு இதுதான்: ரீப்பர் 20, பூச்சு 15, பிளக் உட்கார 40. பலர் 50 மிமீ திருகு போடுறாங்க. அது செங்கல்ல 15 மிமீதான் இறங்கும், நாளாவட்டத்துல பூச்சோட பெயர்ந்து வரும். துளை போடும்போது முதல்ல வர்றது சிமென்ட் நிறத் தூள், அப்புறம் செங்கல் தூள் சிவப்பா வரும். சிவப்பு வந்த இடத்துலேர்ந்து 40 மிமீ உள்ளே போகணும். எடை குறைஞ்ச ஏஏசி பிளாக் சுவரா இருந்தா சாதா பிளக் பிடிக்காது, அதுக்குன்னு வர்ற பிளக் கேட்டு வாங்குங்க. பிளையை ரீப்பர்ல பிடிக்க 30 மிமீ திருகு போதும்.

ஆணி, கொக்கி அடிக்கிறதுக்கு முன்னாடி பலகையைத் தரையில போட்டுக் கருவிகளைப் பரப்பிப் பாருங்க. எடுக்குற விரல் நுழைய ரெண்டு விரக்கடை இடைவெளி விடணும். கொக்கியில தொங்குற சுத்தியலைத் தூக்கித்தான் எடுக்கணும், அதனால மேல ஒரு இன்ச் வெறுமையா இருக்கணும். இதை மறந்தா அடுத்த கருவியில இடிக்கும். அன்றாடம் எடுக்குறது இடுப்புலேர்ந்து கண் மட்டம் வரைக்கும். பைப் ரெஞ்ச் மாதிரி கனமானது கடைசி வரிசை. வெட்டுற கருவி எதுவும் தலைக்கு மேல வேண்டாம்.

இடம் முடிவானதும் ஒவ்வொண்ணையும் சுத்தி மார்க்கர்ல கோடு போடுங்க. வேலை முடிஞ்சு பார்த்தா எது வரலைன்னு ஒரே பார்வையில தெரியும்.

உப்புக்காற்று:
பலகை விஷயத்தில் மேலே சொன்னதை அப்படியே ஏற்கிறேன். துருவைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

இரவில் இரும்பு குளிர்ந்திருக்கும். காலையில் கதவைத் திறந்ததும் வெதுவெதுப்பான ஈரக்காற்று பட்டு அதன்மேல் பனிக்கும். கடலோரத்தில் பனிக்கக்கூட வேண்டாம். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினாலே படிந்திருக்கும் உப்பு தானாக நீரை இழுத்துக்கொள்ளும். கைவியர்வையிலும் அதே உப்புதான். மூலைமட்டத்தில் விரல் ரேகை வடிவில் துரு இருந்தால் காரணம் அதுதான். அதனால் முதலில் உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு, பிறகு எண்ணெய். உப்பின் மேலேயே எண்ணெய் பூசினால் அடியில் துரு ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

தையல் மெஷின் எண்ணெயைத் துணியில் நனைத்து மெல்லப் பூசினால் போதும், வழிய வேண்டாம். மழைக்காலத்தில் 15 நாளுக்கு ஒருமுறை. தேங்காயெண்ணெய் வேண்டாம், நாள்பட்டால் சிக்குப் பிடித்துப் புளிக்கும். டப்பியில் வரும் ஸ்பிரேக்கள் ஈரத்தை விரட்டும். ஆனால் விட்டுப்போகும் படலம் மெல்லியது, மாதக்கணக்கில் தாங்காது.

கேட்காமலே ஒன்று: பாத்ரூம் கழுவும் ஆசிட் பாட்டில் அந்த அறையில் இருந்தால் இன்றே வெளியே எடுங்கள். மூடியிருந்தாலும் கசியும் ஆவி, எண்ணெய் பூசாத இரும்பை இரண்டு மூன்று நாளில் பழுப்பாக்கிவிடும். பிளீச்சிங் பவுடரும் அப்படித்தான். கருவியைச் சாக்கிலும் செய்தித்தாளிலும் சுற்றி வைப்பதும் தவறு, இரண்டும் ஈரத்தை உறிஞ்சி இரும்போடு ஒட்டவைக்கும்.

மாடியறை:
ஆசிட் பாட்டில் அங்கேதான் இருந்தது, எடுத்துவிட்டேன். மிக்க நன்றி. உளி, இழைப்புளி, அரம் மூன்றையும் பலகையிலேயே மாட்டலாமா? காந்தப் பட்டை விற்கிறார்களே, உளிக்கு அது சரிவருமா?

வாள்பல்:
காந்தப் பட்டை ஸ்பேனருக்கும் ஸ்க்ரூ டிரைவருக்கும் சரி. உளிக்கு வேண்டாம். உளியும் காந்தம் ஏறி, சாணை பிடிக்கும்போது இரும்புத்தூள் முனையிலேயே ஒட்டும். கை பட்டு நழுவினால் முனை கீழே பார்த்து விழும்.

உளிக்கு ஒரு தாங்கி நீங்களே செய்துவிடலாம். 20 மிமீ தடிமனில் இரண்டு சட்டம். நடுவில் 10 மிமீ துண்டுகளை வைத்து ஒட்டுங்கள். ஒவ்வொரு இடைவெளியும் அந்தந்த உளியின் அகலத்தைவிட 3 மிமீ கூடுதல். இரும்பு உள்ளே இறங்கும், கைப்பிடி பருமன் என்பதால் மேலேயே நிற்கும். அகல வரிசையில் அடுக்குங்கள். முன்பக்கம் உளி நுனிக்குக் கீழே ஓர் அங்குலம் வரை அக்ரிலிக் ஷீட் மறைத்தால் கை கீறாது. அடிப்பக்கம் திறந்திருந்தால் தூள் தங்காது.

இழைப்புளியைத் தட்டில் வைப்பதானால் அலகை உள்ளே இழுத்துவிட்டு, முன்பக்கம் 6 மிமீ பட்டி ஒன்றின் மேல் ஏற்றி வையுங்கள். அடிப்பக்கம் முழுக்கப் பலகையில் படிந்தால் அந்த இடத்தில்தான் முதலில் துருப்பிடிக்கும். எண்ணெய்க்குப் பதில் அடியில் மெழுகுவத்தி தேய்த்தால் மரத்தில் கறை படியாது, தள்ளவும் இலகு.

அரத்தை ஒன்றோடொன்று உரசவிடாதீர்கள். அதன் பல் கடினமானது, அதனாலேயே உடையக்கூடியது. கட்டையில் தனித்தனித் துளை போட்டு நிற்கவையுங்கள். எண்ணெயும் கூடாது, இரும்புத்தூள் பல்லிடுக்கில் அப்பிக்கொண்டு அரம் வழுக்கும். கைவாளின் பல்லுக்கு 20 மிமீ வயரிங் பைப்பை நீளவாக்கில் கீறி மாட்டினால் கச்சிதமான உறை.

உப்புக்காற்று:
அப்படியானால் அரத்துக்கும் மூலைமட்டத்துக்கும் ரப்பர் விளிம்புள்ள இறுக்கமான பிளாஸ்டிக் டப்பா, உள்ளே ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணி 100 கிராம். அதைத் திறந்த அலமாரியில் போட்டால் ஒரே நாளில் தீர்ந்துபோகும். நீல மணி இளஞ்சிவப்பானால் சூடாக்கி மறுபடி பயன்படுத்தலாம். ஆனால் அந்த நீலம் கோபால்ட் உப்பு, சமையல் பாத்திரத்தில் வறுக்கவே கூடாது. ஆரஞ்சு நிற வகை கிடைத்தால் அதையே வாங்குங்கள்.