லோடு ஏறியதும் அணைந்துவிடும் பழைய டெஸ்க்டாப்: எஸ்எம்பிஎஸ்ஸா, மதர்போர்டா?

வணக்கம் நண்பர்களே. வீட்டு டெஸ்க்டாப் சில வாரங்களாக, வேலை நடுவே பட்டென்று அணைந்துவிடுகிறது. 2014-இல் வாங்கியது. நான்காம் தலைமுறை ஐ5, எச்81 மதர்போர்டு, 8 ஜிபி டிடிஆர்3 ரேம், பின்னால் சேர்த்த எஸ்எஸ்டி, 450 வாட் எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி; இதுவும் முதல் நாளிலிருந்து மாற்றாதது). தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது.

டைப் செய்தாலோ இணையம் பார்த்தாலோ ஒன்றும் ஆவதில்லை. வீடியோ எடிட் செய்து எக்ஸ்போர்ட் கொடுத்தால் போதும், போய்விடும். நீலத் திரை வருவதில்லை. பவர் பட்டனை அமுக்கினாலும் அசைவதில்லை. வயரைப் பிடுங்கிச் சற்று நேரம் விட்டுச் செருகினால்தான் உயிர் வருகிறது. விண்டோஸ் பிழைகளைப் பதிந்து வைக்கும் ஈவன்ட் வியூவரில் கெர்னல்-பவர் 41 என்ற பதிவு மட்டும் இருக்கிறது. முறையாக ஷட்டவுன் ஆகவில்லை என்பதைத் தவிர அது எதையும் சொல்வதில்லை.

தூசி தட்டி, பிராசஸருக்குப் புது தெர்மல் பேஸ்ட் வைத்துவிட்டேன். அணையும் நேரத்திலும் வெப்பம் 65 டிகிரியைத் தாண்டவில்லை. ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் இரவு முழுக்க ஓடியும் பிழையில்லை. மதர்போர்டில் இருக்கும் சிமாஸ் பேட்டரி, பவர் வயர், பிளக் பாயின்ட் எல்லாம் மாற்றியாயிற்று. பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் செட்டிங்ஸ் திரை) 12 வோல்ட் சரியாகத்தான் காட்டுகிறது, ஆனால் அது லோடு இல்லாத நேரத்து அளவு. மதர்போர்டு கெபாசிட்டர் எதுவும் உப்பவில்லை.

எஸ்எம்பிஎஸ் என்றால் உடனே மாற்றிவிடுவேன். போர்டு என்றால் பிராசஸர், ரேம் எல்லாமே மாற்ற வேண்டிவரும். நன்றாக உழைத்த இயந்திரம், இன்னும் சில வருடம் ஓட வைக்க ஆசை.

மாற்று எஸ்எம்பிஎஸ் கையில் இல்லாமல், மல்டிமீட்டரை மட்டும் வைத்துக் கோளாறு இரண்டில் எதில் என்று உறுதி செய்வது எப்படி?