குடும்பக் குழு, பினாங்கு: பெரிய மாமா அனுப்பிய ஃபார்வர்ட்

பெரிய மாமா, இரவு 8:12
*பலமுறை ஃபார்வர்ட் ஆனது*
ஈராக்கில் திடகாத்திரமான அமெரிக்கச் சிப்பாய்கள் நுரையீரல் நோயில் சாகிறார்கள்!! ரகசியக் கிருமி!! எல்லாருக்கும் அனுப்புங்கள்!!

அம்மா, 8:15
ஐயையோ. நம்ம பையன் அடுத்த வாரம் போர்ட் டிக்சனுக்கு ராணுவப் பயிற்சிக்குப் போகிறானே அண்ணே. பனியன்கூட வாங்கியாச்சு.

சித்தி, 9:40
இப்போதுதான் வார்டிலிருந்து வந்தேன். அண்ணே, இது 2003இல் நடந்ததுலா. பையன் அப்போது பிறக்கவே இல்லை.

பெரிய மாமா, 9:41
பழசு என்றால் பொய்யா? ஆள் செத்தது உண்மைதானே?

சித்தி, 9:46
உண்மைதான். 2003 மார்ச்சிலிருந்து ஒரு வருடத்தில், அந்தப் பக்கம் அனுப்பிய ஏறக்குறைய 183,000 பேரில் 18 பேருக்கு இந்த நோய் வந்தது. 12 பேருக்கு வெண்டிலேட்டர். 2 பேர் இறந்துவிட்டார்கள். சார்ஸ் தொற்று பரவிய வருடம் வேறு, பயத்துக்குக் கேட்க வேண்டுமா? கிருமியைத் தேடினார்கள், அகப்படவில்லை. நுரையீரலுக்குள் நீர் விட்டுக் கழுவி எடுத்துப் பார்த்தால் இயோசினோபில் குவிந்து கிடந்தது. அலர்ஜிக்கு ஏறுமே, அந்த வெள்ளணுதான். அதனால் நோய்க்குப் பெயரே அக்யூட் இயோசினோபிலிக் நிமோனியா.

அம்மா, 9:47
எதனால் வந்ததாம்?

சித்தி, 9:50
18 பேரும் புகைப்பவர்கள். அதில் 14 பேர் அப்போதுதான் புதிதாகப் பழகியவர்கள். ஒருவரைத் தவிர எல்லாரும் பாலைவனத் தூசியையும் நன்றாக வாங்கியிருந்தார்கள்.

பெரிய மாமா, 9:51
நான் 30 வருடமாக ஊதுகிறேன். எனக்கு ஒன்றும் இல்லையே!

சித்தி, 9:52
இது புதுசாக ஆரம்பித்தவர்களைத்தான் அதிகம் பிடிக்கும் அண்ணே. உங்களுக்கு வேறு நோய்கள் வரிசையில் நிற்கின்றன.

அம்மா, 9:53
நல்லவேளை, நம்ம பையன் சிகரெட்டைத் தொட்டதே இல்லை.

தங்கச்சி, 9:53
🙊

தம்பி, 9:53
ஏய்

அம்மா, 9:54
என்ன அது?

தங்கச்சி, 9:54
அண்ணன் அறையில் மாம்பழ வாசனை அம்மா.

அம்மா, 9:55
ஏர் ஃப்ரெஷ்னர் என்றானே??

சித்தி, 9:56
வேப்பா, அந்த எலக்ட்ரானிக் சிகரெட்டா? அதிலும் இதே நோய் வந்திருக்கிறது.

பாட்டி, 9:58
வேப்பிலை உடம்புக்கு நல்லதுதானே. பிள்ளையை ஏன் திட்டுகிறீர்கள்

தம்பி, 10:01
சித்தி, புதுசு என்றால் எத்தனை நாள்?

சித்தி, 10:05
பெரும்பாலும் தொடங்கிய சில வாரத்துக்குள். நேற்றுவரை நன்றாக ஓடிக்கொண்டிருந்தவனுக்குக் காய்ச்சல், இருமல், அப்புறம் மூச்சே முட்டும். சாதாரண நிமோனியா மாதிரியே இருக்கும், ஆனால் ஆன்டிபயாடிக் கேட்காது. ஸ்டீராய்டு கொடுத்தால் மளமளவென்று சரியாகும். டாக்டரிடம் "நான் ஊதுவதே இல்லை" என்று புளுகினால் அவருக்கு எப்படித் தோன்றும்? மாட்டிக்கொள்வது நீதான். சரி, நீ எப்போது ஆரம்பித்தாய்?

தம்பி, 10:06
தனியாக மெசேஜ் பண்ணுகிறேன் சித்தி

அம்மா, 10:06
இங்கேயே சொல்.

*பெரிய மாமா ஒரு செய்தியை நீக்கிவிட்டார்*