‘பம்ப் ஸ்டியர்’ – தமிழில் என்ன சொல்வது?

சி. (திங்கள்)

குழுவினருக்கு வணக்கம்.

பழைய அமெரிக்க மசில் கார்களுக்குப் புதுச் சேஸி (அடிச்சட்டகம்) வடிவமைத்துக் கட்டும் பாடத்தின் நான்காம் இயல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. எடுத்துக்காட்டு வண்டி 1967–69 செவ்ரலே கமாரோ. பொருள்களின் பெயரில் சிக்கல் இல்லை. அப்பர் ஆர்ம், லோயர் ஆர்ம் (சக்கரத்தைச் சட்டகத்தோடு மேலும் கீழும் இணைக்கும் கைகள்), டை ராடு (ஸ்டியரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டு), பால் ஜாயின்ட் (ஆர்மின் வெளிமுனையில் உள்ள உருண்டை மூட்டு) எல்லாவற்றையும் பட்டறையில் சொல்வதுபோலவே விட்டுவிட்டோம். நிகழ்வுக்கும் கோளாறுக்கும் மட்டும் தமிழ்ச்சொல் என்பது நம் பழைய முடிவு. அதில் ஒன்று மாட்டிக்கொண்டு நிற்கிறது: பம்ப் ஸ்டியர், அதாவது சஸ்பென்ஷன் அசையும்போது சக்கரம் தானாகவே திரும்பிக்கொள்ளும் கோளாறு. முதல் வரைவில் ‘மேட்டுத் திருப்பம்’ என்று போட்டேன். மெய்ப்புப் பார்த்தவர் அதை மலைப்பாதை வளைவு என்று புரிந்துகொண்டார். வியாழன் இரவுக்குள் ஒரு சொல் வேண்டும்.

ர. (திங்கள்)

சி. அம்மா, முதலில் ‘மேடு’ போக வேண்டும். இங்கே பம்ப் என்பது சாலையில் இருக்கும் மேடு அல்ல. சஸ்பென்ஷன் அமுங்கிச் சக்கரம் பாடியை நோக்கி மேலேறுவது. பிரேக் போட்டு முன்பக்கம் தாழ்ந்தாலும் அது நடக்கும், வளைவில் வண்டி வெளிப்பக்கம் சாய்ந்தாலும் நடக்கும். கண்ணாடிபோல் மட்டமான பந்தயப் பாதையிலும் பம்ப் ஸ்டியர் உண்டு.

காரணம் வில்வட்டங்கள் ஒத்துப்போகாதது. சக்கரம் ஏறி இறங்கும்போது பால் ஜாயின்ட் ஒரு வில்வட்டத்தில் போகிறது, டை ராடின் வெளிமுனை இன்னொன்றில் போகிறது. இரண்டும் பொருந்தாவிட்டால் டை ராடு ஸ்டியரிங் ஆர்மை (சக்கரத்தைத் திருப்பும் நெம்புகோலை) இழுக்கும் அல்லது தள்ளும். ஓட்டுநர் கையை அசைக்காமலே சக்கரம் டோ இன் (முன்விளிம்பு உட்பக்கம் திரும்புவது) அல்லது டோ அவுட் (வெளிப்பக்கம் திரும்புவது) ஆகும். முன்னாலிருந்து பார்த்தால் அப்பர் ஆர்மையும் லோயர் ஆர்மையும் நீட்டிய கோடுகள் ஒரு புள்ளியில் சந்திக்கும். டை ராடை நீட்டிய கோடும் அந்தப் புள்ளி வழியாகவே போக வேண்டும். டை ராடின் உள்முனை, இரண்டு ஆர்ம்களின் உள்மையங்களை இணைக்கும் கோட்டில் இருக்க வேண்டும். முதல் நிபந்தனை உயரத்தைப் பற்றியது, இரண்டாவது நீளத்தைப் பற்றியது. சொல் எதுவானாலும் ‘ஓட்டுநர் செய்யவில்லை’ என்பது அதில் தெரிந்தாக வேண்டும்.

மு. (செவ்வாய்)

நல்ல விளக்கம், தம்பி. ஸ்டியர் என்பதற்குத் ‘திருப்பு’ என்பது மெலிந்த சொல். பழந்தமிழில் இதற்கென்றே ஒரு வினை இருக்கிறது: ஒய். அகநானூறு 255-இல் நீகான் (மாலுமி) மாடத்தில் எரியும் விளக்கைக் கொண்டு துறையின் பக்கம் அறிந்து வங்கத்தை (கப்பலை)ச் செலுத்துகிறான். அந்தச் செலுத்தலுக்குப் புலவர் ஆண்ட சொல் ‘ஒய்ய’. திசையறிந்து செலுத்துதல் என்ற பொருள் அப்படியே கிடைக்கிறது. ஆகவே ‘துள்ளொய்வு’ என்பது என் முன்மொழிவு.

நான்காம் இயலில் ‘சேஸி’ என்று அப்படியே விட்டிருப்பது உறுத்துகிறது. அது பிரெஞ்சுச் சொல்; அதன் மூலம் பெட்டியைக் குறிக்கும் இலத்தீன் ‘கப்சா’. பணத்தைக் குறிக்கும் ஆங்கிலக் ‘கேஷ்’ அதே மூலத்திலிருந்து வந்தது. ஆனால் சிறு நாணயத்தைக் குறிக்கும் இன்னொரு ‘கேஷ்’ நம் ‘காசு’ போர்ச்சுகீசியர் வாய்வழி போனது. ஒரே ஒலி, இரண்டு ஊற்று. இதை ஓர் அடிக்குறிப்பாகவாவது சேர்க்க வேண்டும்.

த. (செவ்வாய்)

ஐயா, காசு பற்றிய செய்தி அருமை. ஆனால் ‘ஒய்வு’ என்று அச்சில் வந்தால் பத்தில் ஒன்பது பேர் ‘ஓய்வு’ என்றே படிப்பார்கள். குறிலுக்கும் நெடிலுக்கும் இடையே ஒரு சுழிதான் வேறுபாடு. கோளாறைக் குறிக்கும் சொல் இளைப்பாறுவதைக் குறிப்பதாக மாறிவிடும்.

எங்கள் பக்கம் ஸ்டியரிங்குக்குச் ‘சுக்கான்’ என்று சொல்வது வழக்கம். கப்பலிலிருந்து வந்த சொல், அரபு மூலம், ஆனால் தலைமுறைகளாக மக்கள் வாயில் இருக்கிறது. ‘சில்லு தானாகச் சுக்கான் பிடிக்கிறது’ என்றால் யாழ்ப்பாணத்து கராஜில் உடனே விளங்கும். சக்கரத்துக்கு நாங்கள் சில்லு என்போம் என்பதையும் குறிப்பில் போடுங்கள்.

ந. (செவ்வாய்)

பட்டறைக்கே வருவோம். தமிழ்நாட்டில் எந்த ஓட்டுநரும் ‘திசைமாற்று’ என்று சொல்வதில்லை. ‘லெஃப்ட்ல ஒடி’, ‘முழுசா ஒடிச்சுத் திருப்பு’ என்கிறார்கள். ஸ்டியரிங்கைத் திருப்புவதற்கு உயிருள்ள தமிழ் வினை ‘ஒடி’தான். ர. அண்ணன் கேட்டதும் அதில் கிடைக்கிறது. ஓட்டுநர் ஒடித்தால் ஒடிப்பு. சக்கரம் தானே ஒடிந்தால் ஒடிவு. என் முன்மொழிவு ‘துள்ளொடிவு’.

‘வண்டி இழுக்குது’ என்று பட்டறையில் சொல்வதை வைத்து ‘இழுப்பு’ என்று யாரும் கிளம்ப வேண்டாம். அது அலைன்மென்ட் தவறியதற்கும் ஒருபக்க பிரேக் பிடிப்பதற்கும் சொல்வது. அந்த இழுப்பு நேர்ச்சாலையில் ஓயாமல் இருக்கும். பம்ப் ஸ்டியர் சஸ்பென்ஷன் அசையும்போது மட்டும் வரும். இரண்டையும் ஒரே சொல்லில் போட்டால் மாணவன் டை ராடு முனையின் உயரத்தைப் பார்க்காமல் அலைன்மென்ட் கடைக்குப் போய்விடுவான்.

ர. (புதன்)

ந. தம்பி சொன்ன பிரித்தறிதல் மிகச் சரி. ‘ஒடிவு’ எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் இந்த இயலில் அதை ஏற்க முடியாது. இதே இயலில் 12 பக்கம் வெல்டிங் பற்றியும் இணைப்பில் விழும் வெடிப்பு பற்றியும் இருக்கிறது. பம்ப் ஸ்டியரைத் திருத்த டை ராடின் வெளிமுனையில் கூம்புத் தண்டை எடுத்துவிட்டு நேர் போல்ட்டும் ஷிம்மும் (உயரம் கூட்டும் வளையத் தகடு) போடுவோம். ஷிம் அடுக்கு உயர உயரப் போல்ட் வளையும் விசை கூடும். மெல்லிய போல்ட் போட்டால் முறியும். அந்தப் பக்கத்திலேயே ‘துள்ளொடிவைச் சரிசெய்ய’ என்று எழுதினால், முறிந்த போல்ட்டை மாற்றச் சொல்கிறோம் என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார்.

‘துள்ளு’ என்பதும் பொருந்தவில்லை. அளவெடுக்கும்போது எதுவும் துள்ளுவதில்லை. காயில்ஓவரை (சுருள்வில்லும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தொகுப்பை)க் கழற்றி, ஓட்ட உயரத்துக்கு வெட்டிய கட்டையை அதன் இடத்தில் வைத்து, ரேக்கை (டை ராடுகளை இடவலமாகத் தள்ளும் ஸ்டியரிங் பற்சட்டத்தை) நடுவில் பூட்டி, ஹப்பில் (சக்கர மையத்தில்) ஒரு தட்டும் டயல் கேஜும் (நுண்ணளவு காட்டும் கருவி) மாட்ட வேண்டும். பிறகு கட்டையை எடுத்து ஜாக்கால் அரை அங்குலம் அரை அங்குலமாக 3 அங்குலம் மேலே, 3 அங்குலம் கீழே கொண்டுபோக வேண்டும். தொடக்க நிலையும் சேர்த்து மொத்தம் 13 அளவுகள். அவற்றை வரைபடமாக்கினால் நோய் தெரிந்துவிடும். மேலே போகும்போது ஒரு திசை, கீழே போகும்போது எதிர்த்திசை என்று சாய்கோடாக வந்தால் உயரத்தில் பிழை. ஷிம் போடு, அல்லது ரேக்கை ஏற்றி இறக்கு. மேலேயும் கீழேயும் ஒரே திசையில் வளைந்தால் நீளத்தில் பிழை. ஷிம்மால் தீராது, ரேக்கின் உள்மூட்டுகளுக்கு இடையிலான அகலமே தவறு.

பிழை எவ்வளவு சிறிதானாலும் பெரிதாகும் என்பதற்கு ஒரு கணக்கு. டை ராடு 14 அங்குலம், ஸ்டியரிங் ஆர்ம் 5.5 அங்குலம், டயர் விட்டம் 26 அங்குலம் என்று வையுங்கள். ரேக் இருக்க வேண்டிய இடத்துக்கு 1/8 அங்குலம் தாழ்ந்தால், சக்கரம் ஓர் அங்குலம் ஏறும்போது டயரின் விட்டத்தில் டோ சுமார் 0.042 அங்குலம் மாறும். பாடம் வைத்திருக்கும் வரம்பு 0.015. ஏறத்தாழ மூன்று மடங்கு! வெல்ட் ஆறும்போது ஏற்படும் சுருக்கம் ஒன்றே ரேக் மவுன்ட்டை அந்த அளவு இழுத்துவிடக்கூடும். ஆகவே மவுன்ட்டை டாக் (தற்காலிகப் புள்ளி வெல்ட்) மட்டும் வைத்து 13 அளவும் எடுத்த பிறகே, ஜிக்கில் (அசையாமல் பிடிக்கும் சட்டத்தில்) இறுக்கியபடி இடமும் வலமுமாக மாற்றி மாற்றிச் சிறு சிறு தையலாக வெல்ட் வைக்க வேண்டும். முழுதும் ஆறாமல் கிளாம்ப்பைக் கழற்றக் கூடாது.

சி. (புதன்)

ர. ஐயா, ஒரு கேள்வி. மூலத்தில் ‘ரேக் முன்னால் வந்தால் குறி மாறும்’ என்று ஒரு வரி இருக்கிறது. எதன் குறி?

ர. (புதன்)

டோவின் திசை. 1967–69 கமாரோவில் ஸ்டியரிங் இணைப்பு முன் அச்சுக்குப் பின்னால் இருந்தது. 1970-இல் வந்த இரண்டாம் தலைமுறையில்தான் அச்சுக்கு முன்னால் போனது. புதிதாகக் கட்டும் துணைச்சட்டகங்களில் ரேக் பெரும்பாலும் முன்னால் வரும். ஆர்ம் அச்சுக்கு முன்னால் இருந்தால் டை ராடு உள்ளே இழுக்கும்போது டோ இன். பின்னால் இருந்தால் அதே இழுப்பு டோ அவுட். பழைய ஸ்பிண்டிலையே (சக்கரத்தைத் தாங்கும் பாகத்தையே) இடவலம் மாற்றி மாட்டி ஆர்மை முன்னால் கொண்டுவரலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் ஆக்கர்மன் தலைகீழாகிவிடும். வளைவில் உள்சக்கரம் கூடுதலாகத் திரும்புவதற்குப் பதிலாகக் குறைவாகத் திரும்பும்.

மு. (வியாழன் காலை)

த. சொன்னது சரி, ‘ஒய்’யை விட்டுவிடுகிறேன். ஆனால் ந. தம்பியின் ஒடிப்பு–ஒடிவு என்னை வேறு இடத்துக்குக் கொண்டுபோனது. நமக்கு வேண்டியது தன்வினை. தமிழில் தன்வினைக்கும் பிறவினைக்கும் இடையே ஓர் ஒற்றே வேலி. திரும்பு, திருப்பு. அமுங்கு, அமுக்கு. மெல்லினம் நின்றால் தானே நடப்பது. வல்லினம் இரட்டித்தால் ஒருவர் செய்வது. ‘திருப்பம்’ என்று சி. போட்டதில் ‘ப்’ வந்ததும் செய்பவர் ஒருவர் உள்ளே நுழைந்துவிட்டார். ‘திரும்பல்’ என்றால் சக்கரமே திரும்புகிறது. ர. முதல் மடலிலேயே ‘அமுங்கி’ என்று எழுதியிருந்தார். இரண்டையும் சேர்த்தால் ‘அமுங்குதிரும்பல்’. இரண்டு வினையிலும் ஓட்டுநர் இல்லை.

திரும்பலா அமுங்குகிறது என்று கேட்பீர்கள். ஆடுகளத்தில் களம் ஆடுவதில்லை; வினைத்தொகை இடத்தையும் நேரத்தையும் தாங்கும். காலம் கரந்த பெயரெச்சம் ஆதலால் அமுங்கிய, அமுங்குகின்ற, அமுங்கும் மூன்றும் அடக்கம். வினைத்தொகை என்பதால் இடையில் ‘த்’ போட்டுவிடாதீர்கள்.

ந. (வியாழன்)

ஐயா, இலக்கணம் அழகு. ஆனால் 13 அளவில் 6 அமுங்கும்போது எடுப்பவை அல்ல, சஸ்பென்ஷன் தொங்கும்போது எடுப்பவை. அமுங்குதிரும்பல் பாதி நோயைத்தான் சொல்கிறது. பட்டறையில் இதை யார் சொல்வார்கள்? ஐந்து அசைக்கு மேல் போனால் பையன்கள் பம்ப் ஸ்டியர் என்றே சொல்வார்கள்.

ர. (வியாழன்)

ஆங்கிலச் சொல்லும் பாதியைத்தான் சொல்கிறது, தம்பி. பம்ப் என்றால் மேலேறுவது மட்டும்தான். சொல்லின் நீளம் பற்றிய குறை எனக்கும் உண்டு. ஆனாலும் ஐயாவின் சொல்லுக்கே என் வாக்கு. டோ மாறியதைப் பார்த்து ‘யார் திருப்பியது?’ என்று மாணவர் தேடாமல் இருப்பார். அப்பர் ஆர்மின் உள்மையத்தைத் தாழ்த்தி கேம்பரை (முன்னாலிருந்து பார்க்கும்போது தெரியும் சக்கரச் சாய்வை)ச் சரிசெய்யும்போது இது முக்கியம். பழைய மஸ்டாங்கில் ஷெல்பி ஜிடி350-க்கு 1965-இல் ஓர் அங்குலம் தாழ்த்தினார்கள். கமாரோவிலும் அதே வழி உண்டு. ஆர்மைத் தாழ்த்தியதும் கோடுகள் சந்திக்கும் புள்ளி நகர்ந்துவிடும், டை ராடு பழைய இடத்திலேயே நிற்கும். யாரும் ஸ்டியரிங்கைத் தொடவில்லை, ஆனால் அமுங்குதிரும்பல் மாறியிருக்கும்.

சி. (வியாழன் இரவு)

ஆறு பேர் வாக்களித்தார்கள். அமுங்குதிரும்பல் 4, துள்ளொடிவு 1, ‘பம்ப் ஸ்டியர் என்றே விடுக’ 1. 31 இடங்களிலும் மாற்றிவிட்டேன். முதல் முறை வரும் இடத்தில் மட்டும் ‘பட்டறையில் பம்ப் ஸ்டியர் எனப்படும் அமுங்குதிரும்பல்’ என்று இருக்கும். தொங்கும்போது நிகழ்வதையும் இச்சொல் குறிக்கும் என்று ந. கேட்டபடி ஒரு வரி சேர்த்திருக்கிறேன். சில்லு இலங்கைப் பதிப்பில் வரும். மு. ஐயா, கப்சா அடிக்குறிப்புக்கு இந்த இயலில் இடமில்லை. சேஸி முதலில் வரும் முதல் இயலின் மறுபதிப்பில் பார்ப்போம்.

ந. (வெள்ளி)

என் மறுப்பைப் பதிவில் வையுங்கள், அக்கா. ஐந்தாம் இயலில் பின்பக்க லீஃப் ஸ்பிரிங் வருகிறது. அங்கே பாடி சாயும்போது பின்னச்சு முழுவதும் சற்றுக் கோணித் திரும்பும் ரோல் ஸ்டியர் இருக்கிறது. ‘சாய்திரும்பல்’ என்று வைப்பீர்கள் என நினைக்கிறேன். அங்கே போல்ட் முறியும் பேச்சு இல்லை. ‘சாய்ஒடிவு’ என்று நான் திங்கட்கிழமை எழுதுகிறேன்.