பதில் தெரிகிறது, எழுத வரவில்லை: நான்காம் வகுப்பு படிக்கும் மகனுக்கு என்ன செய்யலாம்?

கேள்வி: தண்டையார்பேட்டை அம்மா

அனைவருக்கும் வணக்கம். என் மகனுக்கு ஒன்பது வயது. அவன் அப்பா காசிமேட்டில் மீன் ஏலக் கணக்குப் பார்ப்பவர். ஞாயிற்றுக்கிழமை அவருடன் போனால், ஒரு கூடை என்ன விலைக்குப் போனது என்று சொன்னாலே போதும். ஏழு கூடைக்கு எவ்வளவு, ஐஸுக்கும் கூலிக்கும் போக மீதி எவ்வளவு என்று காகிதம் இல்லாமலே சொல்லிவிடுகிறான். பாடத்தை ஒரு முறை வாசித்துக் காட்டினால் மறுநாள் அப்படியே திருப்பிச் சொல்கிறான். அதையே எழுதச் சொன்னால் முகம் சுருங்கிவிடுகிறது.

சென்ற வாரம் வகுப்பில் சொல்வதை எழுதிய நோட்டு இப்போது என் முன்னால் இருக்கிறது. 'மழை' என்ற சொல்லை ஒரே பக்கத்தில் மழை, மளை, மை என்று மூன்று விதமாக எழுதியிருக்கிறான். 'கோபுரம்' என்பது 'கோபுமர்' என்று இருக்கிறது. ஓரிடத்தில் ரப்பரால் தேய்த்துத் தேய்த்துத் தாளே ஓட்டையாகி, அடுத்த பக்கத்துச் சிவப்பு மை தெரிகிறது. தவறான சொல் ஒவ்வொன்றையும் இருபது முறை எழுதி வரும்படி ஆசிரியர் சொல்கிறார். இரவு பத்து மணி வரை உட்கார்ந்து எழுதுகிறான். பத்தாவது முறைக்குப் பிறகு மறுபடியும் தவறாகவே வருகிறது. சோம்பேறித்தனம் என்று எல்லோரும் சொன்னதை நம்பி நானும் இரண்டு முறை அடித்துவிட்டேன். அதை நினைத்தால் தூக்கம் வருவதில்லை. டியூஷனை மாற்றலாமா, அல்லது இது வேறு ஏதேனும் குறையா? தெரிந்தவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

பதில்: ஓய்வுபெற்ற ஆசிரியை, பெரம்பூர்

அம்மா, முதலில் அந்த இருபது முறை எழுதும் வேலையை நிறுத்தச் சொல்லி ஆசிரியரிடம் நேரில் பேசுங்கள். தவறான வடிவத்தையே பத்து முறை எழுதினால் கைக்கு அதுதான் பழகும்.

தவறுகளைத் தரம் பிரித்துப் பார்க்க வேண்டும். நம் பகுதிப் பேச்சில் வாழைப்பழம் 'வாயப்பயம்' ஆகிவிடுகிறது. காதில் விழாத ழகரத்தை எழுத்தில் மட்டும் பிள்ளை எங்கிருந்து கொண்டுவருவான்? ல, ள, ழ மயக்கமும் ர, ற மயக்கமும் மட்டும் இருந்தால் நான் கவலைப்பட மாட்டேன். ஆனால் எழுத்துகள் இடம் மாறுவதும், நடு எழுத்து விடுபடுவதும், ஒரே சொல் ஒரே பக்கத்தில் மூன்று உருவம் எடுப்பதும் அப்படிப்பட்டவை அல்ல. அவை நான்காம் வகுப்பிலும் தொடர்ந்தால் பரிசோதனை தேவை.

இன்னொன்றையும் கவனியுங்கள். 'கோ' என்று சொல்லும்போது நம் வாயில் முதலில் பிறப்பது ககரம். எழுதும்போதோ கொம்பை முதலில் போட்டு, பிறகு ககரம் எழுதி, கடைசியில் காலைப் போடுகிறோம். ஒலிக்கும் வரிசை ஒன்று, எழுதும் வரிசை வேறு. நமக்குப் பழகிவிட்டதால் இது எவ்வளவு கடினம் என்பது தெரிவதில்லை. தட்டில் அரிசியைப் பரப்பி, எழுத்தை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே விரலால் எழுதச் செய்யுங்கள்; ஒரு நாளைக்கு மூன்று சொற்கள், பத்து நிமிடம், அதற்கு மேல் வேண்டாம்.

பதில்: சிறப்புக் கல்வியாளர், வண்ணாரப்பேட்டை

ஆசிரியை அம்மா சொன்னது சரி. அதனுடன் முதலில் கண்ணையும் காதையும் பரிசோதித்துவிடுங்கள். ஸ்டான்லி மருத்துவமனையோ எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையோ உங்களுக்கு எட்டும் தொலைவுதான். குழந்தைகள் பிரிவில் காட்டி, உளவியலாளரின் மதிப்பீட்டுக்குப் பரிந்துரை கேளுங்கள். அறிவுத்திறனைத் தனியாகவும், வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றைத் தனியாகவும் சோதிப்பார்கள். அறிவுத்திறன் நன்றாக இருந்தும் வாசிப்பதிலும் எழுத்துக் கூட்டுவதிலும் சிக்கல் இருந்தால் அது டிஸ்லெக்சியாவாக இருக்கலாம். கையால் எழுதுவதிலேயே சிக்கல் என்றால் டிஸ்கிராஃபியா. சில பிள்ளைகளுக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும். நோட்டைப் பார்க்காமல் நான் எதையும் முடிவாகச் சொல்ல மாட்டேன்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைக் குறைபாடுகளில் 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு' என்பதும் ஒன்று; டிஸ்லெக்சியாவும் டிஸ்கிராஃபியாவும் அதில்தான் அடங்கும். எட்டு வயது நிறைந்த பிறகே சான்றிதழ் தருவார்கள். 14 வயதிலும் 18 வயதிலும் மறுபடியும் சோதிக்க வேண்டும். எனவே இதுவே சரியான நேரம். மாற்றுத்திறனாளி என்ற சொல்லைக் கேட்டுத் தயங்காதீர்கள். சான்றிதழ் கையில் இருந்தால்தான் பள்ளியிடம் சலுகையை உரிமையாகக் கேட்க முடியும்.

அவன் பென்சிலை எப்படிப் பிடிக்கிறான் என்று பாருங்கள். மணிக்கட்டை இறுக்கி, நகம் வெளுக்கும் அளவுக்கு அழுத்திப் பிடித்தால் அரைப் பக்கத்திலேயே கை வலிக்கும். முக்கோணப் பென்சில் கொடுங்கள். சப்பாத்தி மாவு பிசையவும், துணிக்கு கிளிப் போடவும் விடுங்கள்.

பதில்: ராயபுரம் அப்பா

என் மகள் இதே நிலையில் இருந்தவள். சென்ற ஆண்டு பத்தாம் வகுப்பு முடித்தாள். சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு ஆகிய சலுகைகள் அரசுப் பொதுத்தேர்வில் உண்டு. தலைமையாசிரியர் வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். நாங்கள் ஒன்பதாம் வகுப்பு வரை காத்திருந்தது பெரிய தவறு. எழுதுபவர் கிடைத்த பிறகும் முதல் தேர்வில் அவளுக்குச் சொல்ல வரவில்லை. வாக்கியத்தை மனத்தில் முழுமையாகக் கட்டி, எழுதுபவரின் வேகத்துக்கு ஏற்ப நிறுத்தி நிறுத்திச் சொல்வதற்குத் தனிப் பழக்கம் வேண்டும். அதை உங்கள் மகனுக்கு இப்போதிருந்தே விளையாட்டாகப் பழக்குங்கள், சகோதரி. அடித்ததை எண்ணி வருந்துவதை அவனிடமே சொல்லிவிடுங்கள். நான் என் மகளிடம் சொல்ல மிகவும் தாமதித்துவிட்டேன்.

தண்டையார்பேட்டை அம்மா

உங்கள் மூவருக்கும் நன்றி. நேற்றிரவு அவனை மடியில் உட்காரவைத்து மன்னிப்புக் கேட்டேன். அவன் ஒன்றும் சொல்லாமல் என் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டே இருந்தான். பிறகு சமூக அறிவியல் வினாத்தாளை எடுத்து நான் கேட்க, அவன் சொல்ல, அவன் சொன்னதைச் சொன்னபடியே எழுதினேன். எட்டு வினாக்களில் ஏழுக்குச் சரியான விடை. "அம்மா, இது ஏமாற்றுவதில்லையா?" என்று கேட்டான். "எழுதிய கை மட்டும்தான் என்னுடையது, பதில் உன்னுடையது" என்றேன். அதே தாளுக்குப் பள்ளியில் அவன் எழுதி வாங்கியது இரண்டு. திங்கட்கிழமை காலை இரண்டு தாள்களையும் எடுத்துக்கொண்டு வகுப்பாசிரியரைப் பார்த்துவிட்டு, அங்கிருந்து ஸ்டான்லிக்குப் போகிறோம்.