மறு: ‘தற்காப்பு மருத்துவம்’ பொருந்துமா?

> ‘தற்காப்பு மருத்துவம்’ என்றே வைத்துக்கொள்ளலாமே. எளிதாக இருக்கிறது.

வணக்கம் ஐயா,

‘டிஃபென்சிவ் மெடிசின்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அது எளிதுதான். ஆனால் முதன்முறை கேட்பவர், நோய் அண்டாமல் காத்துக்கொள்ளும் மருத்துவம் என்றே எடுத்துக்கொள்வார். இங்கே காத்துக்கொள்வது மருத்துவர், அதுவும் வழக்கிலிருந்து.

அமெரிக்க அவசர சிகிச்சைப் பிரிவுகளில் இப்படி நடக்கும். கட்டிலிலிருந்து விழுந்த குழந்தை, நெற்றியில் சின்ன வீக்கத்தோடு விளையாடிக்கொண்டிருக்கும். பயப்பட ஒன்றுமில்லை என்று மருத்துவருக்குத் தெரியும். ஆனாலும் சிடி ஸ்கேன் எழுதுவார். “ஏன் எடுக்கவில்லை?” என்று நாளைக்கு ஒரு வழக்கறிஞர் கேட்டுவிடக் கூடாதே! கதிர்வீச்சைத் தாங்குவது குழந்தையின் தலை. இதைத் தற்காப்பு என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

சிக்கலான பிரசவத்தை ஏற்காமல் வேறிடம் அனுப்புவதும் இதே வகைதான். இரண்டுக்கும் பொதுவாக ‘வழக்குத்தவிர்ப்பு மருத்துவம்’ என்கிறேன். முன்பு இங்கே வந்த ‘வழக்கச்ச மருத்துவம்’ சுருக்கமானது. ஆனால் வழக்கு + அச்சமா, வழக்கம் + அச்சமா என்று படிப்பவர் தடுமாறுவார்.

அப்புறம், ‘டார்ட் ரிஃபார்ம்’. ஒருவர் தவறால் இன்னொருவருக்கு நேர்ந்த தீங்குக்கு இழப்பீடு கேட்கும் வழக்குகளைக் கட்டுப்படுத்தச் சட்டத்தை மாற்றுவதை இப்படிச் சொல்கிறார்கள். ‘தீங்கியல் சட்டத் திருத்தம்’ போதும், ‘சீர்திருத்தம்’ வேண்டாம். மருத்துவத் தவறு வழக்குகளில் வலி, வேதனைக்கான இழப்பீட்டுக்குக் கலிபோர்னியா 1975-இல் 2,50,000 டாலர் உச்சவரம்பு வைத்தது. விலைவாசி எவ்வளவோ ஏறியும் 2022 முடியும்வரை அந்தத் தொகை அசையவில்லை. காப்பீட்டுக் கட்டணத்தால் திணறிய மருத்துவருக்கு அது சீர்திருத்தமாக இருக்கலாம். சம்பள வேலையில் இல்லாததால் வருமான இழப்பு என்று பெரிதாக எதையும் காட்ட முடியாமல், வலி, வேதனைக்கான இழப்பீட்டையே நம்பியிருக்கும் ஒரு தாய்க்கு? பெயர் வைக்கும்போதே நாம் தீர்ப்பு எழுதிவிடக் கூடாது.

‘வழக்குத்தவிர்ப்பு மருத்துவம்’ என்ற என் சொல்லிலும் ஒரு குறை இருக்கிறது. டெக்சஸ், ஜார்ஜியா, தென் கரோலினா ஆகிய மூன்று அமெரிக்க மாநிலங்களும், அவசர சிகிச்சையில் கடும் அலட்சியத்தை நிரூபித்தால்தான் வழக்கு நிற்கும் என்று சட்டத்தை மாற்றின. 2014-இல் வந்த ஓர் ஆய்வின்படி, அதற்குப் பிறகும் அங்கே ஸ்கேன்கள் குறையவில்லை. அப்படியானால் வழக்கு மட்டும் காரணமாக இருக்க முடியாது, பழக்கமும் ஊறிப்போயிருக்க வேண்டும். அதையும் சேர்த்துச் சொல்லும் சொல் யாரிடமாவது இருந்தால் தாருங்கள். என்னுடையதை விட்டுவிடச் சம்மதம்.