ஹேவ்லாக்கில் கடலை ஒட்டிய அறை: எங்கள் அனுபவம், உங்களுடையதையும் எழுதுங்கள்

கொள்ளிடக்கரை:

2025 பொங்கல் விடுமுறையில் அந்தமான் போய் வந்தோம். நான், கணவர், பத்து வயது மகன், ஆறு வயது மகள், முழங்கால் வலியுள்ள மாமியார் என ஐந்து பேர். ஹேவ்லாக்கில் மூன்று இரவு. (அரசாங்கப் பெயர் 2018 முதல் ஸ்வராஜ் தீவு. அங்கே எல்லோரும் இன்னமும் ஹேவ்லாக் என்றுதான் சொல்கிறார்கள்.) தங்கும் இடம் தேடியதில் எனக்கு ஒரே நிபந்தனைதான்: கதவைத் திறந்தால் கடல் இருக்க வேண்டும். மாமியாரால் தினமும் வண்டியில் ஏறி இறங்க முடியாது. அறை வாசலில் உட்கார்ந்தபடியே பிள்ளைகள் தண்ணீரில் விளையாடுவதை அவர் பார்க்கட்டும் என்று நினைத்தேன்.

விஜயநகர் கடற்கரையில் ஒரு ஹோட்டல் கிடைத்தது. அந்தத் தீவில் கிராமங்களை எண் வைத்துத்தான் சொல்வார்கள், இது அஞ்சாம் நம்பர். படத்தில் தென்னை மரத்தடி வரை நீலத் தண்ணீர் நின்றது. முன்பணம் கட்டிவிட்டேன்.

ஜனவரி 15 அன்று மாலை மூன்றரைக்குப் போய்ச் சேர்ந்தோம். பிள்ளைகள் பையைக் கூடப் பிரிக்காமல் ஓடினார்கள். கடலைக் காணோம். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை கறுத்த பாறை, செத்த பவளக் கட்டிகள், நடுநடுவே குட்டை. தண்ணீர் எங்கோ தொலைவில் ஒரு கோடாகத் தெரிந்தது. மகள் அழுதுவிட்டாள். மறுநாள் விடியற்காலை எழுந்து பார்த்தேன், அப்போதும் பாறைதான். ஏமாந்துவிட்டோம் என்றே முடிவு செய்து, எட்டு மணிக்கு எல்லோரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு தீவின் மறுபக்கம் ராதாநகருக்கு, அதாவது ஏழாம் நம்பர் பீச்சுக்குப் போனோம். மாமியார் மட்டும் அறையிலேயே இருந்துகொண்டார்.

மதியம் திரும்பி வந்தால் அவர் சொல்கிறார்: "நீங்க போனப்புறம் பத்து மணிக்கெல்லாம் தண்ணி இந்தத் தென்னமரம் வரைக்கும் வந்துடுச்சும்மா. யாருமே இல்லாம நான் மட்டும் பாத்துக்கிட்டிருந்தேன்."

சமையல்கட்டில் இருந்த வங்காளி அண்ணனிடம் கேட்டேன். (அந்தத் தீவில் குடியேறியவர்களில் பெரும்பாலோர் பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த குடும்பங்கள்.) அவர் கையாலேயே காட்டினார்: ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏறும், இரண்டு முறை இறங்கும். தினமும் முக்கால் மணி, ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி ரொம்பவே ஏறும், ரொம்பவே இறங்கும். நாங்கள் போனதோ பௌர்ணமிக்கு மறுநாள். அந்தச் சமயத்தில் அந்தமானில் தண்ணீர் மட்டம் இரண்டு மீட்டர் அளவுக்கு ஏறி இறங்குகிறது. சென்னையில் இதில் பாதி அளவுதான், மெரினா மணலும் சரிவானது. அதனால் நமக்கு இது கண்ணில் படுவதே இல்லை. விஜயநகர் பக்கம் கடலடி தட்டையான பவளத் திட்டு. மட்டம் கொஞ்சம் இறங்கினாலே தண்ணீர் வெகுதூரம் போய்விடுகிறது.

மூன்றாம் நாள் திட்டத்தை அப்படியே மாற்றினோம். காலை பத்து முதல் பன்னிரண்டரை வரை எங்கள் வாசல் கடலிலேயே குளியல். இடுப்பளவுத் தண்ணீர், அலையே இல்லை. மாமியார் மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். மூன்று மணிக்கு மேல் ராதாநகர். அது மேற்குப் பார்த்த கரை, மணல் சரிவு. அங்கே இறக்கம் இப்படிப் படுத்துவதில்லை, சூரியன் கடலில் விழுவதையும் பார்க்கலாம். ஜனவரியில் ஐந்தேகாலுக்கெல்லாம் விழுந்துவிடுகிறது, நேரத்தோடு போங்கள்.

ஹோட்டல்காரர்கள் பொய் சொல்லவில்லை, படமும் உண்மைதான். ஆனால் எந்த நேரத்தில் எடுத்தது என்று நான் கேட்கவில்லை. முன்பதிவு செய்யும்போது ஒருவரும் அதைச் சொல்லவும் இல்லை. பிள்ளைகளின் ஒன்றரை நாள் அதில் போனது. இந்திய நில அளவைத் துறை வருடந்தோறும் போடும் ஓத அட்டவணையில் (கடல் ஏறும், இறங்கும் நேரங்களின் பட்டியல்) அந்தமான் தலைநகர் போர்ட் பிளேருக்கான நேரங்கள் இருக்கின்றன. தேதியை முடிவு செய்யும் முன் அதைப் பாருங்கள். அப்புறம் ஹோட்டலுக்குப் போன் செய்து, "தண்ணீர் இறங்கியிருக்கும் நேரத்தில் ஒரு வீடியோ எடுத்து அனுப்புங்கள்" என்று கேளுங்கள். அனுப்ப மறுத்தால் நான் இனி அந்த இடத்தைத் தொடமாட்டேன்.

பல்லாவரத்துக்காரன்:

நல்ல பதிவு சகோ. நாங்கள் ராதாநகர் பக்கமே தங்கினோம். அங்கே தங்கும் இடங்கள் கொஞ்சம்தான், விலையும் அதிகம். பெரும்பாலும் மரங்களுக்கு நடுவே இருக்கும். அறையிலிருந்து கடல் தெரியாது, நடந்துதான் போகவேண்டும். ஆனால் நீந்த நல்ல கடல். லைஃப்கார்டு இருக்கிறார்கள், குறித்துவைத்த பகுதியைத் தாண்டினால் விசில் அடிக்கிறார்கள். முதலை எச்சரிக்கைப் பலகையை யாரும் அலட்சியம் செய்யாதீர்கள். 2010-ல் ராதாநகரை ஒட்டிய சின்ன வளைகுடாவில் நீந்திய அமெரிக்கப் பெண் ஒருவர் முதலையால் இறந்தார். கூட்டம் இல்லாத ஓரமாகப் பார்த்துப் பிள்ளைகளை இறக்கவே கூடாது.

ஈரமணல்:

அக்கா, எனக்கு நேர்மாறான அனுபவம். நாங்கள் நீல் தீவில் பரத்பூர் கடற்கரைக்குப் பக்கத்தில் இருந்தோம். என் பையன்களுக்கு ஒன்பதும் பன்னிரண்டும். தண்ணீர் இறங்கிய நேரம்தான் அவர்களுக்குத் திருவிழா. ஒவ்வொரு குட்டையிலும் ஏதாவது ஒன்று இருக்கும்: நண்டு, கடல் அட்டை, நீலமும் மஞ்சளுமாகக் குட்டி மீன்கள். லக்ஷ்மண்பூர் பக்கம் இருக்கிற இயற்கைப் பாறைப் பாலத்துக்கே தண்ணீர் வற்றிய நேரத்தில்தான் நடந்து போக முடியும், ஏறியிருந்தால் வழி கிடையாது. அதனால் குழந்தைகளுக்கு என்ன பிடிக்கும் என்று பார்த்து இடம் எடுங்கள். நீந்தத்தான் ஆசை என்றால் நீங்கள் சொன்னது சரி.

ஒன்றே ஒன்று, ரப்பர் அடி வைத்த தண்ணீர்ச் செருப்பு கட்டாயம். செத்த பவளம் பிளேடு மாதிரி வெட்டும். பெரியவனுக்குப் பாதத்தில் வெட்டுப்பட்டு மூன்று நாள் சீழ் வைத்தது. உயிருள்ள பவளத்தின் மேல் கால் வைக்காதபடியும் பார்த்துக்கொள்ளுங்கள். பவளம், சிப்பி எதையும் பைக்குள் போடவிடாதீர்கள். விமான நிலையத்தில் சோதித்து எடுத்துவிடுகிறார்கள், சட்டப்படியும் தவறு.

பல்லாவரத்துக்காரன்:

சொல்ல மறந்தது: கடைசி இரவைத் தீவில் வைக்காதீர்கள். காற்று கிளம்பினால் கப்பலை நிறுத்திவிடுவார்கள். எங்களுக்கு அக்டோபரில் அப்படி ஆகி, மறுநாள் காலை சென்னை விமானம் போய்விட்டது. ஐந்து பேருக்குப் புது டிக்கெட். கடைசி இரவு போர்ட் பிளேரில் சாதாரண அறை போதும். கடலோர அறைக்கு முன்பணம் கட்டும்போதே, கப்பல் ஓடாமல் வர முடியாவிட்டால் பணம் திரும்புமா என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

தாமிரபரணி:

டிசம்பர் 26 முதல் 29 வரை ஹேவ்லாக் போகிறோம். நீங்கள் சொன்ன அஞ்சாம் நம்பர் பக்கம்தான் அறை எடுத்திருக்கிறேன், இப்போது பயமாக இருக்கிறது. மாற்றிவிடட்டுமா? அம்மாவுக்கு எழுபது வயது.

கொள்ளிடக்கரை:

மாற்றவேண்டாம். 2025 டிசம்பர் 20 அமாவாசை, உங்கள் தேதிகளில் அரைநிலா. ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் குறைவாக இருக்கும் காலம் அது. ஆனால் நேரம் எங்களுக்கு இருந்ததற்கு ஏறக்குறைய எதிராக வரும்: காலையில் இறக்கம், பிற்பகலில் ஏற்றம். அட்டவணையில் ஒருமுறை சரிபார்த்துவிட்டு, ஒரு நாள் காலையில் ராதாநகர் போய்விட்டு மதியம் உங்கள் வாசலில் குளியுங்கள். சூரியன் மறைவதைப் பார்க்க வேறொரு நாள் மாலையை ஒதுக்கிக்கொள்ளலாம்.

அம்மாவுக்காக ஹோட்டலில் இரண்டு விஷயம் கேளுங்கள். அறை தரைத்தளமா, அறைக்கும் மணலுக்கும் நடுவே எத்தனை படி. எங்கள் இடத்தில் ஏழு படி, கைப்பிடி கிடையாது. மாமியாரை ஒவ்வொரு முறையும் கணவர் கைபிடித்து இறக்கிவிட்டார். இன்னொன்று, மாலையில் மணல் ஈ கடிக்கும். சாயங்காலம் மணலில் உட்காருவதானால் முழங்கால் வரை தேங்காய் எண்ணெய் தடவிவிடுங்கள், எங்களுக்கு அது கேட்டது.