'எ கிளாக்வொர்க் ஆரஞ்சு': யார் யார், எங்கே பார்த்தீர்கள்?

ஈஸ்ட்ஹாம்வாசி:
நான் லண்டன் வந்தது 1991-இல். இந்தப் படத்தைப் பற்றிப் பேசாத சினிமாக் கிறுக்கன் அப்போது இல்லை. தியேட்டரில் பார்த்தவன்தான் அபூர்வம். 'தடை செய்த படம்' என்பார்கள். உண்மையில் தணிக்கைக் குழு வெட்டாமல், பெரியவர்களுக்கு மட்டும் என்று எக்ஸ் சான்றிதழ் கொடுத்த படம் அது. 1972-இல் நன்றாகவே ஓடியது. பையன்கள் அடிதடியில் இறங்கினால் இந்தப் படம்தான் காரணம் என்று பத்திரிகைகள் எழுத, படத்தை இயக்கிய ஸ்டான்லி குப்ரிக்கின் குடும்பத்துக்கு மிரட்டல்கள் வந்தன. அவரே சொல்லித்தான் பிரிட்டனில் மட்டும் திரையிடுவதை நிறுத்தினார்கள். 1992-இல் கிங்ஸ் கிராஸ் ஸ்காலா தியேட்டர் அனுமதியில்லாமல் ஓட்டி, வழக்கில் தோற்று, மறு வருடம் மூடியே போனது.

நான் பார்த்தது நண்பன் அறையில், நகலுக்கு நகல் எடுத்த கேசட்டில். கீழே பிரெஞ்சு எழுத்து வேறு. படத்தின் நாயகன் அலெக்ஸ், அவன் அடியாள் கூட்டம், அவர்களின் வெள்ளை உடுப்பு நீலமாகத் தெரிந்தது. இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று பாதியில் தூங்கிவிட்டேன்.

குப்ரிக் இறந்து ஒரு வருடம் கழித்து, 2000 மார்ச்சில் மறுபடி திரையிட்டார்கள். போனேன். சனம் சிரிக்கிறது! பாதிப் படம் நக்கல் என்று அப்போதுதான் உறைத்தது. ஆனால் எழுத்தாளர் வீட்டுக்குள் புகுந்து, 'சிங்கிங் இன் த ரெயின்' பாடிக்கொண்டே அவர் மனைவியைச் சீரழிக்கும் காட்சியில் யாரும் சிரிக்கவில்லை. கேசட் மங்கலாக இருந்தது நல்லதுதான் போல.

லாச்சப்பல்:
எண்பதுகளின் கடைசியில் பாரிசில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். இங்கே இந்தப் படத்துக்குத் தடையும் இல்லை, ஒன்றும் இல்லை. லண்டனிலிருந்து பெடியள் கப்பலேறி வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். அப்படி வந்த இரண்டு பேருக்குத் தியேட்டருக்கு வழி காட்டி, அவர்களோடு நானும் உள்ளே போய்விட்டேன். எனக்கு அப்போது ஆங்கிலமும் அரைகுறை. படத்தில் வரும் பையன்கள் பேசுவது ரஷ்யச் சொற்களைக் கலந்து கட்டிய பாஷை என்று தெரியாமல், என் ஆங்கிலம் இவ்வளவு மோசமா என்று வெட்கப்பட்டேன். பக்கத்தில் இருந்த ஆங்கிலேயனும் முழித்ததைப் பார்த்துத்தான் நிம்மதி.

ஏரிக்கரை:
நான் படம் பார்ப்பதற்கு முன்பே படத்துக்குள் குடிவந்தவள். கல்யாணமாகித் தென்கிழக்கு லண்டனில் தேம்ஸ்மீட்டுக்கு வந்தபோது, ஏரிக்கரையில் யார் யாரோ கேமராவோடு நிற்பார்கள். அலெக்ஸ் தன் கூட்டாளிகளைத் தண்ணீரில் தள்ளும் இடம் அதுதானாம். அறுபதுகளின் கடைசியில் பெரிய கனவோடு கட்டிய கான்கிரீட் ஊர் இது. படம் எடுத்தபோது இன்னும் புதுக்கருக்கே போகவில்லை. ஆனால் இங்கே இருக்கிறேன் என்றாலே 'அந்தப் படத்தில் வருமே' என்று முகம் சுளிப்பார்கள். ஊருக்கு இப்படி ஒரு பெயர் வாங்கிக் கொடுத்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. படம் பிடித்திருந்தது, அது வேறு.

ஏரியை ஒட்டியிருந்த அந்தப் பழைய வீட்டு வரிசையை இடித்துவிட்டார்கள். ஏரி இருக்கிறது, அன்னங்களும் இருக்கின்றன.

ஈஸ்ட்ஹாம்வாசி:
அக்கா, இத்தனை வருடமாக நான் அந்தப் பக்கம் வந்ததே இல்லை. சனிக்கிழமை வரலாம் என்று பார்க்கிறேன். கேசட்டில் அது ஏரி என்றே தெரியவில்லை, ஏதோ ரோடு என்று நினைத்தேன்.